பாதி விலைக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

போன மாதம் 1949க்கு முந்திய புதுச்சேரிச் சுங்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த முதலியார்பேட்டை நண்பர் ஒருவர், "பழைய கதையே எழுதுகிறீரே, இந்தக் காலத்துச் சகாய விலைச் சரக்கைப் பற்றியும் எழுதும்" என்று சொன்னார். நியாயமான பேச்சு. வணிகவரித் துறையில் முப்பத்து நாலு வருஷம் பில்லைப் புரட்டியவனுக்கு, பில் இல்லாத சரக்கின் சரித்திரம் எந்தக் காலத்ததானாலும் ருசியாகத்தான் இருக்கிறது. ஆகவே இந்த முறை கிராஃபிக்ஸ் கார்டு.

நம் வயதுக்காரர்களில் பலர் இதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு செங்கல் அளவுக்கு, இரண்டு மூன்று சின்ன விசிறிகளோடு செருகியிருக்கும் பலகை அது. திரையில் படம் வரைவது அதன் வேலை. கம்ப்யூட்டரின் மூளை ஒரு கணக்கை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் தலைமைக் குமாஸ்தா என்றால், இது ஒரே நேரத்தில் ஆயிரம் சின்னக் கணக்குகளைப் போடும் பெரிய ஹால். அமெரிக்காவின் என்விடியா கம்பெனி 1999இல் ஜீஃபோர்ஸ் 256 என்ற கார்டை வெளியிட்டபோதுதான் 'ஜிபியு' என்ற பெயரைப் பரப்பியது. முதலில் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு, பிறகு சினிமாவுக்கும் வீட்டுப் பிளான் போடுபவர்களுக்கும், இப்போது செயற்கை நுண்ணறிவுக்கும் என்று அதன் தேவை ஏறிக்கொண்டே போகிறது.

இந்தச் சரக்கில் ஒரு விசேஷத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கார்டின் நடுவில் இருக்கும் சில்லை வடிவமைப்பவர் ஒருவர், பலகையில் பொருத்தி விசிறி மாட்டிப் பெட்டியில் போட்டு விற்பவர் இன்னொருவர். ஆசஸ், எம்எஸ்ஐ, கிகாபைட், ஜோட்டாக் எல்லாம் இந்த இரண்டாம் வகை. வூடூ என்ற கார்டால் 1996இல் புகழ்பெற்ற 3டிஎஃப்எக்ஸ் கம்பெனி, பலகை செய்யும் எஸ்டிபி என்ற கம்பெனியை வாங்கி, எல்லாவற்றையும் தானே செய்யப் பார்த்தது. சில்லை வாங்கி வந்த மற்றவர்கள் விலகினார்கள். 2000 டிசம்பரில் அதன் சொத்தை என்விடியாவே வாங்கிக்கொண்டது. அதன் பிறகும் பல கை மாறும் சரக்காகத்தான் கார்டு இருந்து வருகிறது. ஒரே சில்லுக்கு இருபது முப்பது விதமான அட்டைப்பெட்டி. அசல் பெட்டி எப்படி இருக்கும் என்று வாங்குகிறவனுக்கு மனப்பாடமாக இருக்க வழியில்லை. போலி செய்கிறவனுக்கு இதைவிட வசதி வேண்டுமா?

இனி விற்கிற இடத்தின் கதை. 1995 செப்டம்பரில் பியேர் ஒமித்யார் என்ற இளைஞர் இணையத்தில் ஓர் ஏலப் பக்கத்தைத் தொடங்கினார். பாரிசில் பிறந்தவர், பெற்றோர் ஈரானியர், வளர்ந்தது அமெரிக்காவில். பியேர் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் என்பதை மறைப்பானேன். அவர் அங்கே விற்ற முதல் பொருள் உடைந்துபோன ஒரு லேசர் பாயின்டர். 14 டாலர் 83 சென்டுக்குப் போயிற்று. "உடைந்தது என்று தெரியுமா?" என்று அவர் வாங்கியவரிடம் விசாரித்தாராம். உடைந்த பாயின்டர்களைச் சேகரிப்பதே தன் வழக்கம் என்று பதில் வந்ததாம். அந்தப் பக்கம்தான் பின்னால் ஈபே ஆனது. குறையைச் சொல்லி விற்றதில் தொடங்கிய கடை என்பதைக் கவனியுங்கள்.

முகம் தெரியாதவனை எப்படி நம்புவது என்ற கேள்விக்கு ஒமித்யார் 1996இல் ஒரு வழி செய்தார். வாங்கியவர் விற்றவரைப் பற்றியும், விற்றவர் வாங்கியவரைப் பற்றியும் எல்லோரும் பார்க்க எழுதிவைக்கலாம். இன்று நாம் பார்க்கும் நட்சத்திரக் குறிகளுக்கெல்லாம் அது பாட்டன். அமேசான் 2000 நவம்பரில் இன்னும் ஒரு படி போனது. தான் விற்கும் புதுப்பொருளின் பக்கத்திலேயே வெளியாரும் தங்கள் சரக்கைப் போடலாம் என்று இடம் கொடுத்தது. அந்தக் கம்பெனியின் கணக்குப்படியே, அங்கே விற்ற பொருள்களில் இப்படி வெளியார் விற்றது 1999இல் 3 சதவீதம், 2018இல் 58 சதவீதம். கடையின் பெயர் ஒன்று, வியாபாரி வேறு. பெரிய மார்க்கெட்டில் கட்டிடம் நகராட்சியுடையது, மீன் விற்பவர் வேறு என்பது நமக்குத் தெரியும். ஆனால் இணையத்தில் கட்டிடத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது, மீன்காரரின் பெயர் பொடி எழுத்தில் இருக்கிறது.

இந்தியாவில் இது இன்னும் அதிகம், அதற்குக் காரணம் சட்டம். வெளிநாட்டு முதலீடு உள்ள இணையக் கடை, தன் சொந்தச் சரக்கைப் பொதுமக்களுக்கு நேரே விற்கக் கூடாது. பிறர் விற்க மேடை போட்டுத்தரலாம். 2016 மார்ச்சில் வந்த அரசுக் குறிப்பு இதைத் தெளிவாகச் சொன்னது, 2018 டிசம்பரில் வந்தது இன்னும் இறுக்கியது. ஆகவே 2013இல் அமேசான் இங்கே கடை திறந்த நாளிலிருந்து நாம் வாங்கியது எல்லாமே யாரோ ஒரு மூன்றாம் நபரிடமிருந்துதான். சிறு வியாபாரியைக் காப்பாற்றப் போட்ட விதி அது. அந்த விதியின் நிழலில் நல்ல சிறு வியாபாரியும் நின்றார், மற்றவனும் நின்றான்.

கார்டு விலை பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் படமும் இல்லை, விளையாட்டும் இல்லை. பிட்காயின் போன்ற இணைய நாணயங்களைக் கணக்குப் போட்டுத் 'தோண்டி' எடுக்க இந்தக் கார்டுகள் பொருத்தமானவை என்று கண்டுபிடித்தார்கள். பிட்காயினுக்கு 2013 வாக்கில் தனி எந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் 2015 ஜூலையில் பிறந்த எத்தீரியம் என்ற நாணயம் நிறைய நினைவகம் கேட்கும்படி அமைந்தது. அதற்குக் கிராஃபிக்ஸ் கார்டே ஏற்றதாயிற்று. 2018 ஜனவரியில் ஓர் எத்தீரியம் 1,400 டாலரைத் தொட்டது. கொட்டகை கொட்டகையாகக் கார்டுகளை அடுக்கி, இரவும் பகலும் ஓட்டினார்கள். நாணயம் சரிந்ததும் அத்தனை கார்டும் பழைய சாமானாகச் சந்தைக்கு வந்தது. இது முதல் அலை.

இரண்டாவது அலை கொரோனாவோடு வந்தது. 2020 செப்டம்பர் 17ஆம் தேதி என்விடியா 3080 என்ற கார்டை 699 டாலருக்கு வெளியிட்டது. கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோயிற்று. தானாக வாங்கும் நிரல்களை வைத்து மொத்தமாக அள்ளியவர்கள், அதே நாளில் ஈபேயில் இரட்டை விலைக்குப் போட்டார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டது. அடுத்த மாதம் இன்னொரு கூத்து. எம்எஸ்ஐ கம்பெனியின் கிளை நிறுவனமே ஈபேயில் கூடுதல் விலைக்கு 3080 விற்றது வெளியே வந்து, தவறுதலாக நடந்துவிட்டது, வாங்கியவர்களுக்குத் திருப்பித் தருகிறோம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. 2021 ஜனவரியில் நியூஎக் என்ற அமெரிக்கக் கடை கார்டு வாங்கக் குலுக்கல் முறையே கொண்டுவந்தது. பேர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், பேர் விழுந்தால் வாங்கலாம். சேத்தக் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த நமக்கு இது புதுசா? புது ஸ்கூட்டரை விட ஓட்டிய ஸ்கூட்டருக்கு விலை அதிகமாக இருந்த காலத்தில்தானே நாம் கல்யாணம் செய்துகொண்டோம்!

இந்த அலை 2022 செப்டம்பர் 15ஆம் தேதி நின்றது. எத்தீரியம் தன் கணக்கு முறையையே மாற்றிக்கொண்டது. தோண்டும் வேலை அன்றோடு முடிந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்பே சீனா தடை போட்டதில் கொட்டகைகள் காலியாகத் தொடங்கியிருந்தன. லட்சக்கணக்கில் கார்டுகள் 'புதுசு போல' என்ற பெயரில் இணையத்தில் இறங்கின. அழுக்குப் போகக் குழாயால் தண்ணீர் பாய்ச்சிக் கழுவி அடுக்கிய படங்கள்கூட வந்தன. ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். தோண்டிய கார்டு எல்லாம் குப்பை என்பது சரியல்ல. தோண்டுபவர்கள் மின்கட்டணத்துக்குப் பயந்து சில்லை மிதமான சக்தியில்தான் ஓட்டுவார்கள். தேய்வது விசிறி, காய்வது சூடு கடத்தும் பசை, வேகுவது நினைவகம். விற்பவன் இதைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்றால் அதில் தப்பு என்ன? நம் ஊர் ஞாயிறு சந்தையில் பழைய மிக்சி வாங்குவதில்லையா?

சொல்லாமல் விற்பதுதான் விஷயம். அதிலும் மோசமானது வேறு ஜாதிக் கார்டை வேறு பெயரில் விற்பது.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். 2021 கடைசியில், அனிமேஷன் படிக்கும் ஒரு பையனுக்குக் கார்டு தேவைப்பட்டது. தகப்பன் இல்லை. தாயார் தையல் வேலை. சீட்டு எடுத்து 9,500 ரூபாய் கொடுத்தார். அந்தச் சமயத்தில் ஏழை வாங்கக்கூடியதாக இருந்தது 1050 டிஐ என்ற பழைய மாடல். அதற்கும் ஒரு சுவையான காரணம் உண்டு. எத்தீரியம் தோண்டுவதற்கான கோப்பு 2020 டிசம்பரில் 4 ஜிபியைத் தாண்டிவிட்டது. 1050 டிஐயின் நினைவகமோ சரியாக 4 ஜிபி. தோண்டுபவர்களுக்குப் பயன்படாது என்பதால்தான் அது பிள்ளைகளுக்கு மிஞ்சியது. 2016இல் 139 டாலருக்கு வந்த கார்டு அது, ஐந்து வருஷம் கழித்து இந்திய விலை அதைப்போல ஒன்றரை மடங்குக்குக் குறையவில்லை. இவன் கண்ட இணைய விற்பனையாளர் பாதி விலை போட்டிருந்தார், நாலரை நட்சத்திரத்தோடு.

கார்டு வந்தது. படம் தெரிந்தது, சினிமா ஓடியது. செமஸ்டர் பரீட்சை முடிந்து மூன்றாவது வாரம் பாடத்துக்கான பிளெண்டர் நிரலைத் திறந்தபோது திரை கறுத்துவிட்டது. என்விடியாவின் தளத்திலிருந்து டிரைவர் இறக்கிப் போட்டால் ஏற்கவில்லை, கூட வந்த குறுந்தகட்டில் இருந்ததைத்தான் ஏற்றது. என் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தவன், ஜிபியு-இசட் என்ற இலவச நிரலைப் போட்டுப் பார்த்தான். 2018 அக்டோபரிலிருந்து அது போலிச் சில்லைக் கண்டுபிடித்து எச்சரிக்கை முக்கோணம் காட்டும். காட்டியது. உள்ளே இருந்தது 2010ஆம் ஆண்டுக் காலத்துச் சில்லு. அதன் பலகையில் உள்ள சிறிய நினைவகச் சிப்பில் பெயரை மாற்றி எழுதி, 1 ஜிபியை 4 ஜிபி என்று சொல்லவைத்திருக்கிறார்கள். சாதாரண வேலைக்கு ஓடும். கனமான படத்தை ஏற்றி 1 ஜிபியைத் தாண்டியதும் விழுந்துவிடும். கார்டை வெளியே எடுத்துப் பார்த்தோம். பின்பக்கம் பழைய நீலநிற விஜிஏ துளை இருந்தது. 1050 டிஐயின் சில்லில் அந்தப் பழைய ரகத் திரைக்கான வழியே கிடையாது. பெயரை மாற்றியவன் துளையை மாற்ற மறந்துவிட்டான், அல்லது யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டான்.

"தாத்தா, ஏழு நாளுக்குள்ள திருப்பியிருக்கணுமாம். இருபத்தொரு நாள் ஆயிடுச்சு" என்றான் பையன். தாயார் ஒன்றும் பேசவில்லை.

இந்த ஏழு நாளைக் கேட்டதும் எனக்குப் பிரெஞ்சுப் பாடப்புத்தகம் ஞாபகம் வந்தது. 1804இல் வந்த கோத் சிவில், 1819 முதல் நம் ஊரிலும் நடைமுறையில் இருந்தது. அதன் 1641ஆம் பிரிவிலிருந்து 'வீஸ் காஷே', அதாவது மறைந்த குறை, பற்றிச் சொல்லியிருக்கிறது. வாங்குகிறவன் கண்ணுக்குத் தெரியும் குறைக்கு விற்றவன் பொறுப்பில்லை. கண்ணுக்குத் தெரியாமல், தெரிந்திருந்தால் வாங்கியே இருக்கமாட்டான் என்னும்படியான குறை இருந்தால் விற்றவனே பொறுப்பு. அவனுக்கே தெரியாதிருந்தால் பணத்தைத் திருப்பவேண்டும், தெரிந்து விற்றிருந்தால் நஷ்டஈடும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். இதையே தொழிலாகச் செய்கிற வியாபாரிக்குத் தன் சரக்கின் குறை தெரியும் என்றே கொள்ளவேண்டும் என்பது பிரெஞ்சு நீதிமன்றங்களின் நிலை. இதன் வேர் ரோமாபுரிச் சந்தை. அங்கே அடிமையையும் மாட்டையும் விற்பவர்கள் அவற்றின் நோயைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று சந்தை அதிகாரிகள் உத்தரவு போட்டிருந்தார்கள். மறுபுறம், ஆங்கிலேய வழியில் வந்த 1930ஆம் வருஷத்து இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, வாங்குகிறவனே பார்த்துக்கொள் என்ற கட்சி.

கோத் சிவிலிலும் ஒரு சங்கடம் உண்டு. வழக்கை 'ப்ரெஃப் தெலே'க்குள், குறுகிய காலத்துக்குள், போட வேண்டும் என்றிருந்தது. எத்தனை நாள் என்று சொல்லவில்லை. குறையின் தன்மையையும் ஊர் வழக்கத்தையும் பார்த்து நீதிபதி முடிவு செய்வார். இருநூறு வருஷம் வக்கீல்கள் இதில் பிழைத்தார்கள். கடைசியில் 2005 பிப்ரவரியில் திருத்தினார்கள்: குறையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இரண்டு வருஷம். சரக்கு கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, கண்டுபிடித்த நாளிலிருந்து! மறைந்திருக்கும் குறைக்கு, அது மறைந்திருந்த நாளையும் கணக்கில் சேர்த்தால் அது என்ன நியாயம்? இணையக் கடைகளின் ஏழு நாள் அதைத்தான் செய்கிறது.

நம் ஊரில் கோத் சிவிலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளும் இருக்கின்றன. பொருள் பழுதானாலோ, போலியானாலோ, விளம்பரத்தில் சொன்ன குணம் இல்லாவிட்டாலோ, திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது. மேடை போட்டவர் விற்பவரின் பெயர், முகவரி எல்லாம் காட்டவேண்டும். குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை வைத்து, 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். வழக்குப் போட இரண்டு வருஷ அவகாசம். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

எழுதுவது நமக்குக் கைவந்த வேலை. பில் நகல், விளம்பரப் பக்கத்தின் படம், முக்கோணம் தெரியும் திரையின் படம், நீலத் துளையின் படம் எல்லாவற்றுக்கும் எண் போட்டு, குறைதீர்க்கும் அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். 'பழுது' என்ற சொல்லை எங்கும் போடவில்லை, 'போலி' என்றே எழுதினேன். பழுது என்றால் பழுதுபார்த்துத் தருகிறோம் என்பார்கள். முதல் பதில், காலம் கடந்துவிட்டது என்று வந்தது. விதியின் வாசகத்தைக் காட்டி, மாவட்ட ஆணையத்துக்குப் போடப்போகும் மனுவின் நகலையும் சேர்த்து இரண்டாவது கடிதம் போனது. முப்பத்தோராம் நாள் 9,500 ரூபாய் தாயார் கணக்கில் ஏறியது. கார்டைத் திருப்பி அனுப்பிய 180 ரூபாய் வரவில்லை. "அது போகட்டும் சார்" என்று அந்த அம்மாள் சொன்னார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்த விற்பனையாளர் பெயர் பிறகு காணாமல் போயிற்று. அதே படங்கள், அதே விளம்பர வாசகம், இரண்டு மாதத்தில் வேறு பெயரில் இருந்தன.

பையன் கடைசியில் ரிச்சி ஸ்ட்ரீட் போய், கடைக்காரர் எதிரிலேயே மாட்டிப் பார்த்து, தோண்டாத பழைய கார்டு ஒன்றைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினான். கையெழுத்தும் சீலும் வைத்த பில்லோடு.

இப்போது நிலைமை வேறு திசையில் போகிறது. செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் பெரிய கார்டுகளை மொத்தமாக அள்ளுகிறார்கள். 1,599 டாலருக்கு வந்த 4090 கார்டில் சில்லையும் நினைவகத்தையும் கழற்றி எடுத்துவிட்டு, வெறும் பலகையை விசிறியோடு மூடி விற்றிருப்பதைப் பழுதுபார்ப்பவர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். 2025 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் ஒரு கடையில் 5090 கார்டுப் பெட்டிகளைத் திறந்தால் உள்ளே சின்ன முதுகுப்பைகள் இருந்தன. எடைக்கு எடை சரியாக வரவேண்டுமே. அது இணையக் கடைகூட இல்லை, நேரில் போய் வாங்கும் கடை.